உணவுக் குறைப்பும் பசிப்பிணியும்: கலமென்சவ்வு ஆய்வுகளும் வன்னியின் பசி வரலாறும்

உணவைக் குறைத்தால் ஆயுள் நீளும் என்பது மருத்துவ நூல்களிலிருந்து நாளேடுகளின் வாரமலர்கள் வரை இன்று பரவியுள்ள ஒரு கூற்றாகும். விலங்குகளில் நடத்தப்பட்ட பரிசோதனைகள் இக்கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. அப்பரிசோதனைகள் பொய்யானவையல்ல. ஆயின், ஆய்வுகூடத்திற் பெறப்பட்ட ஒரு முடிவு அதன் நிபந்தனைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு மனித சமுதாயம் முழுவதற்குமுரிய அறமாக உரைக்கப்படும்பொழுது, அது அறிவியல் என்ற நிலையிலிருந்து கருத்துநிலை என்ற நிலைக்கு மாறிவிடுகிறது. இம்மாற்றத்தால் மறைக்கப்படுவது யாது என்பதை வன்னிப் பெருநிலப்பரப்பின் உணவு வரலாற்றை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கும் இப்பிரதேசத்தை நாம் தெரிந்தமைக்குக் காரணமுண்டு. உணவுக் குறைப்பு இங்கு மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளது. ஆனால் அது உண்பவர் விரும்பி மேற்கொண்ட நோன்பன்று.

1. பரிசோதனைகள் கூறுவன

உணவைக் குறைத்து வளர்ச்சியைத் தாமதப்படுத்திய எலிகள் நீண்ட காலம் வாழக்கூடும் என்பதை ஐக்கிய அமெரிக்காவில் ஒஸ்போண், மெண்டல் ஆகியோர் 1917இலேயே சுட்டினர். எனினும், இத்துறையின் தொடக்கமாக இன்று கொள்ளப்படுவது கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மக்கேயும் அவருடைய சகபாடிகளும் நடத்தி 1935இல் வெளியிட்ட ஆய்வேயாகும். வெள்ளெலிகளுக்கு அவர்கள் கலோரியைக் கடுமையாகக் குறைத்தனர். ஆனால் புரதம், விற்றமின், தாதுப்பொருள் ஆகியவற்றைக் குறைவின்றி வழங்கினர். அவ்வெலிகளிற் பல, வேண்டியவாறு உண்ட எலிகளிலும் நெடுங்காலம் வாழ்ந்தன. அதே தசாப்தத்தில், பொருளாதார மந்தத்தின் நடுவே, இறைச்சியின் விலையை உயர்த்தும்பொருட்டு அமெரிக்க அரசு 1933இல் ஏறத்தாழ அறுபது இலட்சம் பன்றிக்குட்டிகளைக் கொல்வித்தது என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. உணவு மிகையாக இருந்த ஒரு சமுதாயத்தில், மக்கள் பசித்திருந்த காலத்தில், உணவுக் குறைப்பின் நன்மை ஆராயப்பட்டது.

ஆயுள் நீள்வதற்கான காரணத்தைத் தேடியோர் காலப்போக்கிற் கலமென்சவ்வை வந்தடைந்தனர். ஒவ்வொரு கலத்தையும், கலத்தினுள்ளே சத்தியைப் பிறப்பிக்கும் இழைமணியையும் சூழ்ந்திருப்பது கொழுப்பினாலும் புரதத்தினாலும் ஆன ஒரு மெல்லிய இரட்டைப் படை. உள்ளே வருவதும் வெளியே செல்வதும் இதன் வழியாகவே நிகழ்வதால் இது இளகிய தன்மையுடையதாக இருத்தல் வேண்டும். அவ்விளக்கத்தைத் தருபவை நிரம்பாத கொழுப்பமிலங்கள். ஆனால் அவற்றிலுள்ள இரட்டைப் பிணைப்புகளே அவற்றின் பலவீனமுமாகும். சுவாசத்தின்போது ஒட்சிசனிலிருந்து பிறக்கும் சுயாதீன மூலிகங்கள் அப்பிணைப்புகளைத் தாக்குகின்றன. ஓரிடத்தில் தொடங்கும் தாக்கம் சங்கிலித் தொடராகப் பரவுகிறது. இரட்டைப் பிணைப்புகள் கூடுந்தோறும் ஆபத்தும் கூடும். இரண்டு பிணைப்புகளையுடைய லினோலெயிக் அமிலத்தைவிட, ஆறு பிணைப்புகளையுடைய டொகோசாஹெக்சாயினோயிக் அமிலம் ஏறத்தாழ எட்டு மடங்கு எளிதிற் சிதைகிறது. முதுமைக்குச் சுயாதீன மூலிகங்களே காரணம் என்ற கருதுகோளை டென்ஹம் ஹார்மன் 1956இல் வெளியிட்டார்.

1980களில் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சான் அன்ரோனியோ சுகாதார அறிவியல் நிலையத்தில் பியுங் பால் யூவும் அவருடைய குழுவினரும் எலியின் ஈரற் கலங்களை ஆராய்ந்தனர். வழக்கமான உணவில் 60 சதவீதம் மாத்திரம் பெற்ற எலிகளின் மென்சவ்வுகளில் லினோலெயிக் அமிலத்தின் பங்கு உயர்ந்தும், எளிதிற் சிதையும் நீண்ட கொழுப்பமிலங்கள் சிலவற்றின் பங்கு குறைந்தும் இருந்தன. ஒட்சியேற்றச் சேதமும் குறைவாகவே காணப்பட்டது. முதுமையில் ஏனைய எலிகளின் மென்சவ்வுகள் இறுகிப் போக, இவற்றின் மென்சவ்வுகள் இளக்கத்தைப் பெரிதும் பேணின. அவுஸ்திரேலிய அறிஞர் ஹல்பேர்ட் போன்றோர் பின்னர் இதனை இனங்களுக்கிடையிலான ஒப்பீடாக விரித்தனர். ஒத்த பருமனுடைய எலியையும் புறாவையும் ஒப்பிட்டால், பன்மடங்கு நீண்ட காலம் வாழும் புறாவின் மென்சவ்வு எளிதிற் சிதையாத கொழுப்பைக் கூடுதலாகக் கொண்டிருக்கிறது.

2. கூண்டு என்னும் நிபந்தனை

இம்முடிவுகளின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவற்றின் எல்லைகளை வகுத்தவர்களும் ஆய்வாளர்களே. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நாற்பதுக்கு மேற்பட்ட சுண்டெலி வமிசங்களுக்கு உணவு குறைக்கப்பட்டபோது, ஆயுள் நீண்ட வமிசங்களிலும் ஆயுள் குறுகிய வமிசங்களே அதிகமாயிருந்தன. குரங்குகளிலும் முடிவு ஒன்றுபோல் அமையவில்லை. விஸ்கொன்சினில் 1989இல் தொடங்கிய ஆய்வு 2009இல் நன்மையைக் காட்டிற்று. அமெரிக்கத் தேசிய முதுமையியல் நிறுவகம் 1987இல் தொடங்கிய ஆய்வு, ஆயுள் நீளவில்லை என 2012இல் அறிவித்தது. இரு குழுவினரும் 2017இல் இணைந்து எழுதிய கட்டுரை இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியை உணவின் தன்மையாலும் குறைப்புத் தொடங்கிய வயதாலும் விளக்கியது. உணவு குறைக்கப்பட்ட முதிய சுண்டெலிகள் இன்புளுவென்சாத் தொற்று ஏற்பட்டபோது ஏனையவற்றைவிட அதிகமாக இறந்தன என்பது 2005இல் வெளியான செய்தி.

இக்கடைசிச் செய்தி எமது நோக்கில் முதன்மையானது. ஆய்வுகூட எலிக்கு வெப்பநிலை சீராக்கப்பட்டுள்ளது. நோய்க்கிருமி தடுக்கப்பட்டுள்ளது. அது உழைப்பதில்லை, இரை தேடுவதில்லை, இடம்பெயர்வதில்லை. அதன் உணவிற் குறைவது கலோரி மாத்திரமே; விற்றமின் அளந்து சேர்க்கப்படுகிறது. நாளைய உணவு நாளை வரும் என்பது உறுதி. எனவே பரிசோதனை நிறுவுவது, ஊட்டம் குறையாமற் சத்தி மாத்திரம் குறைந்தால், காக்கப்பட்ட ஒரு சூழலில், சில விலங்குகள் நெடிது வாழும் என்பதையேயாகும். பசியைப் பற்றி அது எதனையும் நிறுவவில்லை.

இவ்வேறுபாடு மென்சவ்வின் மட்டத்திலேயே புலப்படுகிறது. உணவு குறைத்த எலிகளின் மென்சவ்வு காக்கப்படுகிறது என்று யூவின் குழுவினர் எழுதிய அதே 1987இல், மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் யமேக்கா ஆய்வுப் பிரிவில் மைக்கல் கோல்டன், டான் இராம்டத் ஆகியோர் குவாஷியோக்கர் என்னும் ஊட்டக்குறை நோயாற் பீடிக்கப்பட்ட குழந்தைகள் பற்றி ஒரு கருதுகோளை வெளியிட்டனர். உணவும் ஊட்டமும் ஒருங்கே குறைந்து தொற்றுநோயும் சேரும்பொழுது, சுயாதீன மூலிகங்களைத் தடுக்கும் பொருள்கள் குழந்தையின் உடலில் அற்றுப்போகின்றன, மென்சவ்வுகள் சிதைகின்றன, உடல் வீங்குகிறது என்பது அவர்களது கருத்து. ஒட்சியேற்ற எதிர்ப்பொருள்களை மாத்திரம் வழங்கி அந்நோயைத் தடுக்க முடியவில்லை என மலாவியில் நடைபெற்று 2005இல் வெளிவந்த ஆய்வு காட்டியமையால், நோயின் காரணம் அதனினும் சிக்கலானது என்பது தெளிவு. எனினும் அக்குழந்தைகளில் குளுற்றதயோன் என்னும் காப்புப்பொருள் குறைந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டதே. முதிய எலியின் ஈரலிற் குறைந்தால் நன்மையாகும் அதே நீண்ட கொழுப்பமிலம், கருவின் இறுதி மாதங்களிலும் பிறந்த முதல் ஈராண்டுகளிலும் மூளையைக் கட்டுதற்கு வேண்டப்படும் பொருளாகவுள்ளது. குறைப்பு என்ற ஒரே சொல், நிபந்தனை மாறும்போது நேரெதிரான இரு நிகழ்வுகளைக் குறிக்கிறது.

3. குறைத்துண்ணல் பற்றிய அறவுரைகள்

அளவாக உண்ணல் பற்றிய அறவுரை எவ்வர்க்கத்தார் வாயிலாக எவருக்கு உரைக்கப்பட்டது என்பது வரலாற்று வினா. ஐரோப்பாவில் இதன் புகழ்பெற்ற ஆசிரியர் வெனிஸ் நாட்டு லுயிஜி கொர்ணாரோ. நாளொன்றுக்குப் பன்னிரண்டு அவுன்சு உணவும் பதினான்கு அவுன்சு திராட்சை மதுவும் போதுமென அவர் 16ஆம் நூற்றாண்டில் எழுதினார். அவர் சதுப்பு நிலங்களை வடித்துப் பண்ணைகளாக்கிய நிலவுடைமையாளர். களஞ்சியம் நிறைந்தவருக்குக் குறைத்துண்ணல் ஒரு தெரிவு. அதே அறிவுரை தொழிலாளரை நோக்கித் திரும்பும்போது அதன் பொருள் மாறுகிறது. மலிவான கஞ்சிவகைகளாற் தொழிலாளரின் உணவுச் செலவைக் குறைக்கும் முறைகளை வகுத்த இரம்போர்ட் பிரபுவையும், முதலாளியின் மூலதனத்தை அவருடைய துறவின் பயனாக வருணித்த நாசோ சீனியரையும் மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் ஒரே அத்தியாயத்தில் வைத்து எள்ளி நகையாடுவது தற்செயலன்று. சிக்கனத்தின் புகழ் முதலாளியைச் சேர, சிக்கனத்தின் பாரம் தொழிலாளியைச் சேர்ந்தது.

தமிழ் மரபிலும் இரு போக்குகளை நாம் இனங்காணலாம். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மிகுதியையும் குறைவையும் ஒருங்கே நோய்க்குக் காரணமாகக் கூறித் தொடங்கி, முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுமாறு பணிக்கிறது. இது உண்ண இருப்பவருக்கான மருத்துவம். மணிமேகலையோ பசியையே பிணியாகக் காண்கிறது. குடிப்பிறப்பையும் கல்வியையும் நாணையும் அழிக்கும் ஆற்றல் அதற்குண்டு எனக் கூறி, அமுதசுரபியை அதற்கு மருந்தாக்குகிறது. கொன்றைவேந்தன் உணவைக் குறைத்தலைப் பெண்ணுக்கு அழகென விதிக்கும்போது மூன்றாவதொரு நிலை வெளிப்படுகிறது. பற்றாக்குறையின் சுமை குடும்பத்தினுள்ளே யார் தலையில் இறக்கப்பட்டது என்பதற்கு அவ்விதி சான்று. கடைசியாக உண்ணும் தாயின் வழமை அறமாக்கப்பட்டுவிட்டது.

அறவுரை அரசுக் கொள்கையாகிய தருணமும் தமிழர் வரலாற்றில் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் நிலவிய பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலை செய்வோருக்கான நாட்கூலியை ஒரு இறாத்தல் தானியத்தின் அளவுக்குச் சேர் ரிச்சட் ரெம்பிள் 1877 சனவரியிற் குறைத்தார். உழைக்கும் உடலை இவ்வளவு தாங்காது என மாகாணச் சுகாதார ஆணையாளர் வில்லியம் கோர்ணிஷ் எதிர்த்து வாதாடினார். மில்லியன் கணக்கானோர் மாண்டனர், தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. அப்பஞ்சத்திலிருந்து தப்பியோரிற் பெருந்தொகையினர் இலங்கையின் பெருந்தோட்டங்களை நோக்கி வந்தனர். இவர்களின் வழித்தோன்றல்களை வன்னியில் நாம் மீண்டும் சந்திக்க நேரும்.

4. வன்னியிற் பசி

வன்னி இயற்கையாற் பசித்த நிலமன்று. மழைநீரைத் தேக்கிக் காலபோகமும் இயலுமிடத்துச் சிறுபோகமும் விளைவித்த குளங்களின் தொடர் அது. ஒல்லாந்தர் வன்னிமைகளிடமிருந்து யானைகளைத் திறையாகக் கொண்டனர். 1803இல் பண்டாரவன்னியனின் எதிர்ப்பு முறியடிக்கப்பட்டபின் ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்றது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல் காட்டுவது உடைந்த குளங்களும், அருகிய சனத்தொகையும், காய்ச்சலும், பறங்கி வியாதியும் நிறைந்த ஒரு நாட்டை. விளைவிலிருந்து வாங்கப்பட்ட தானியவரி 1892இலேயே ஒழிக்கப்பட்டது. குளம் பாழாகும்போது வயல் சுருங்குகிறது. வயல் சுருங்கும்போது குரக்கனும் சாமையும் விளையும் சேனையும், பாலைப்பழமும் காட்டுக்கிழங்கும் தேனும் தரும் காடுமே எஞ்சுகின்றன. ஊட்டம் குன்றிய உடலில் நோய் குடியேறுகிறது. நோயுற்றவரால் குளக்கட்டைத் திருத்த இயலாது. குடியேற்றவாத எழுத்து வன்னியானின் சோம்பல் எனக் கண்டது இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியையே.

வன்னி மக்களின் வாய்மொழிப் பாடல்கள் இதனையே வேறு திசையிலிருந்து கூறுகின்றன. பயிரழிக்கும் காட்டுப்பன்றியைப் பற்றிய பண்டிப் பள்ளும், கதிர் தின்னும் பறவைகளைப் பற்றிய குருவிச் சிந்தும், அரிவு வெட்டுப் பாடல்களும் இரவுபகலாகக் காவலிருந்து தானியத்தைக் காத்தவர்களின் இலக்கியம். குறைத்துண்ணலின் சிறப்பைப் பாடுவது அவர்களின் கவலையன்று. விளைந்ததை வீடு சேர்ப்பதே அவர்களின் கவலை.

20ஆம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் இரணைமடுக் குளம் அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் இடநெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்கும் குடியேற்றத் திட்டமாக 1936இல் கிளிநொச்சி தோன்றிற்று. 1940களின் நடுப்பகுதியிலிருந்து டீடீற்றீ தெளிக்கப்பட்டமையால் மலேரியா தணிந்தது. 1950களிலும் அதன் பின்னரும் வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்கள் புத்துயிர் பெற்றன. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வன்னிக் கமக்காரர் ஓரளவு செழித்தனர். ஆனால் அதே ஆட்சியில், 1973-74இல், மலையகத் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ஒரு நாட்டில், ஒரே காலத்தில், ஒரே கொள்கைச் சூழலில், நிலமுள்ளவனுக்கு வாய்ப்பாக அமைந்தது கூலிக்கு வாழ்ந்தவனுக்குச் சாவாயிற்று. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத் தமிழரிற் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்து குடியேறினர். 1877இற் சென்னை மாகாணத்துப் பசி கடல்கடந்து துரத்தியவர்களின் வழிவந்தோர், நூறாண்டுகளின் பின் வன்னிக் காட்டை வெட்டிக் கூலிகளாகவும் சிறு கமக்காரராகவும் வாழத் தொடங்கினர். வன்னியின் வர்க்க அமைப்பைப் பேசுவோர் இவர்களை மறத்தலாகாது.

போர்க்காலத்தில் உணவு ஆயுதமாயிற்று. 1990 முதல் 2002 சனவரி வரை புலிகளின் கட்டுப்பாட்டுப் பிரதேசங்கள்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை, எரிபொருளையும் உரத்தையும் மருந்துகளையும் கட்டுப்படுத்திற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோரிற் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தபோது அதே குறைந்த உணவு மேலும் பலருக்குப் பங்கிடப்பட்டது. 2008 செப்ரெம்பரில் அரசின் பணிப்பின்பேரில் ஐக்கிய நாடுகள் அமைப்பும் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. போர்ப் பகுதியில் எஞ்சியிருந்தோர் எழுபதாயிரம் பேர் அளவினரே என அரசு கூறியது; ஆனால் இறுதியில் அங்கிருந்து வெளியேறி முகாம்களை அடைந்தோர் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். எண்ணிக்கை குறைத்துக் கூறப்பட்டால் அனுப்பப்படும் உணவும் மருந்தும் குறையும். மனிதாபிமான உதவி மறுக்கப்பட்டதென அரசுமீதும், தப்பியோட முயன்ற பொதுமக்களைத் தடுத்துச் சுட்டனரெனப் புலிகள்மீதும் உள்ள குற்றச்சாட்டுகள் நம்பத்தகுந்தவையென ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இற் கண்டது. இரு ஆயுதங்களுக்கிடையில் அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியில் உயிர்வாழ்ந்தவர்களின் நினைவே ஆண்டுதோறும் மே மாதத்தில் வழங்கப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சி.

போர் முடிந்தபின்னும் உணவின் அடிப்படையான நிலம் உடனே மீளவில்லை. மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. படையினர் வசமிருந்த காணிகளுக்காகக் கேப்பாப்பிலவு மக்கள் 2017இற் போராட்டந் தொடங்கினர். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது காலபோக விளைச்சல் வீழ்ந்தது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. வேளை உணவைக் கைவிட்டோர் அதனை ஆயுள் வளர்க்கும் பயிற்சியாக மேற்கொள்ளவில்லை.

5. நிறைவாக

வன்னிக்கு ஒப்புநோக்கத்தக்க உதாரணம் கோர்ணெலின் கூண்டன்று; 1944-45இன் ஒல்லாந்துக் குளிர்காலம். இரயில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பழிவாங்க ஜெர்மனிய ஆக்கிரமிப்பாளர் உணவுப் போக்குவரத்தைத் தடுத்தனர். நகரங்களில் நாளாந்தப் பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே வீழ்ந்தது. அக்காலத்திற் கருவிலிருந்தோரை ஐம்பது ஆண்டுகளின் பின் ஆராய்ந்தபோது, குருதியில் வெல்லத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அவர்களிற் குறைந்திருந்தமை 1998இல் அறிவிக்கப்பட்டது. பசி அவர்களின் ஆயுளை வளர்க்கவில்லை. பிறக்குமுன்பே அவர்களின் உடலில் ஒரு கடனை எழுதிவைத்தது.

2008-09இல் வன்னியிற் கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் இருந்தோர் இன்று பதின்மப் பருவத்தின் பிற்பகுதியிலும் அதற்குச் சற்று மேலும் உள்ளனர். ஒல்லாந்தருக்குக் கிடைத்த நீண்டகால மருத்துவக் கண்காணிப்பு இவர்களுக்கும் உரியது. அது கருணையாக வழங்கப்படுவதன்று. ஒரு மக்கட் கூட்டத்துக்கு இழைக்கப்பட்டதை உடலின் மட்டத்திற் பதிவுசெய்யும் வரலாற்றுக் கடமை. வடக்கின் மருத்துவபீடமும் சுகாதார சேவையும் இதனை ஒருங்கிணைந்து மேற்கொள்ளவியலும். அன்று கர்ப்பிணிகளாயிருந்து, தம் பங்கையும் பிள்ளைகளுக்கிட்டுக் கடைசியாக உண்ட தாய்மாரும் அதில் உள்ளடங்குதல் வேண்டும்.

கலமென்சவ்வு பற்றிய ஆய்வுகள் தொடரட்டும். அவற்றாற் முதுமையின் துன்பம் குறையுமாயின் அது மனிதகுலத்தின் வெற்றியே. ஆயின் குறைத்துண்ணலைத் தெரிவாகக் கொள்ளும் உரிமை, நிறைய உண்ணும் உரிமை பெற்றவருக்கே உண்டு. குளமும் காணியும் கூலியும் உறுதியான பின்னரே வன்னியில் ஒருவர் அளவறிந்து உண்ண இயலும். அதுவரை அங்கு உணவுக் குறைப்பு எனப்படுவதற்குத் தமிழில் ஏலவே ஒரு பெயருண்டு. மணிமேகலை ஆசிரியர் அதனைப் பசிப்பிணி என்றார்.